டாக்டருக்கும் மருந்துக் கவுண்டருக்கும் நடுவே ஒரு மேஜை!

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் தலைமேல் ஒரு டப்பா இருக்கிறதா? தீபாவளிக்கு வந்த ஸ்வீட் டப்பாவோ, பழைய பிஸ்கட் டின்னோ ஏதோ ஒன்று. அதற்குள் பாதி தின்ற மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்ட டாக்டர் சீட்டுகள், குழந்தைக்குப் போன வருஷம் வாங்கிய இருமல் மருந்து, யாருக்கு எதற்கென்று யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு களிம்பு… இருக்கிறதல்லவா? எங்கள் வீட்டிலும் இருந்தது. அந்த டப்பாதான் ஒரு நாள் என் மாமியாரை எங்களிடமிருந்து பறித்துக்கொண்டு போகப் பார்த்தது.

அன்றைக்குக் கிருத்திகை. அத்தைக்கு 72 வயது. முருகன் என்றால் உயிர். 'சர்க்கரைக்காரங்க விரதம் இருக்கக் கூடாது அத்தை' என்று எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டார். காலையில் வழக்கம்போல நான் எடுத்துக் கொடுத்த மாத்திரைகளை விழுங்கிவிட்டு, "எனக்கு டிபன் வேண்டாங் கண்ணு, ஒரு வாய் பால் போதும்" என்று சொல்லிவிட்டார். நானும் அடுப்படி வேலையில் வாதாடாமல் விட்டுவிட்டேன்.

பதினோரு மணி இருக்கும். துணி உலர்த்தப் போனவள் பார்க்கிறேன், துளசி மாடத்துக்குப் பக்கத்தில் அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். சேலை முழுக்க வேர்வையில் நனைந்திருக்கிறது. "என்னங்கத்தை?" என்றால், என்னைப் பார்த்து என் நாத்தனார் பெயரைச் சொல்லி ஏதோ குழறுகிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்ல வேளை, கல்லூரிக்கு லீவு போட்டிருந்த என் மகன் ஓடி வந்து, விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவியில் பார்த்தான். 42! சர்க்கரை நோயாளிக்கு 70-க்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள். நினைவு இருந்ததால், மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து மெல்ல மெல்லக் குடிக்க வைத்தோம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்று இரவு முழுவதும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "இந்த மாத்திரையோட வேகம் ஒரு நாள் வரைக்கும்கூட உடம்புல இருக்கும். மறுபடி சர்க்கரை இறங்கிடக் கூடாது, அதனால ராத்திரி வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்" என்றார் டாக்டர்.

அந்த ஒரு ராத்திரிக்கு எங்களுக்கு ஆன செலவு 11,000 ரூபாய்ச் சொச்சம். அதைவிட, 'விரதம் இருந்ததால்தான் இப்படி' என்று எல்லோரும் அத்தையைத் திட்டினார்களே, அதுதான் பெரிய பாவம். உண்மையான காரணம் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் காரணத்தில் என் கையும் இருந்தது.

பையைக் கவிழ்த்த பெண்

மறு பரிசோதனைக்கு அதே ஆஸ்பத்திரியின் ஓ.பி.க்குப் போனோம். டாக்டர் அறைக்கும் மருந்து வாங்கும் கவுண்டருக்கும் நடுவில், வராந்தா மூலையில் ஒரு சின்ன மேஜை, மூன்று நாற்காலி. 'மருந்து ஆலோசனை' என்று ஓர் அட்டை. வெள்ளைக் கோட்டு போட்ட இளம்பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முன்பும் அந்த மேஜையைப் பார்த்திருக்கிறேன். மருந்துக் கம்பெனி விளம்பரம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். இந்த முறை டாக்டரே, "வீட்டுல இருக்கற மருந்து எல்லாத்தையும் ஒண்ணு விடாம பையில போட்டு எடுத்துட்டு வந்து அவங்களப் பாருங்க" என்று சீட்டில் எழுதி அனுப்பினார்.

மறுநாள் ஒரு மஞ்சப்பையில் (ஏதோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்தது) டப்பாவை அப்படியே கொட்டி எடுத்துப் போனேன். அந்தப் பெண் பையை மேஜைமேல் கவிழ்த்தாள். ஒவ்வொரு அட்டையாக எடுத்து வரிசையாக அடுக்கினாள். 19 வகை! எனக்கே வெட்கமாக இருந்தது.

"பாட்டி, இதை எப்ப சாப்பிடறீங்க? எதுக்குன்னு தெரியுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவசரமே படவில்லை. அத்தையும், டாக்டரிடம் வாயே திறக்காதவர், அவளிடம் கதை கதையாகச் சொன்னார். கடைசியில் இரண்டு அட்டைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. பெயர் வேறு, கம்பெனி வேறு.

"அக்கா, இந்த ரெண்டுலயும் கீழே சின்ன எழுத்துல இருக்கறதைப் படிங்க."

படித்தேன். இரண்டிலும் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்று ஒரே மருந்துதான். எனக்குப் பகீரென்றது. நடந்தது என்ன தெரியுமா? அத்தை ஒரு மாதம் திருப்பூரில் என் நாத்தனார் வீட்டில் இருந்தார். கொண்டுபோன மாத்திரை தீர்ந்துபோக, அங்கே ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதிலும் தப்பில்லை, இவர் எழுதியதிலும் தப்பில்லை. திரும்பி வந்ததும் 'ரெண்டு டாக்டரும் கொடுத்ததுதானே' என்று இரண்டையும் தினமும் காலையில் எடுத்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தது யார்? சாட்சாத் நான்தான்! இரட்டிப்பு அளவு மாத்திரை, அதன்மேல் விரதம். சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்?

அதோடு நிற்கவில்லை. தைராய்டு மாத்திரையை அத்தை காப்பியோடு, கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். அப்படிச் சாப்பிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராதாம். அதனால்தான் 'அளவு கூட்டியும் சரிவரலையே' என்று டாக்டர் குழம்பியிருக்கிறார். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை இரத்தக் கொதிப்பை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் ஆகாது. வயிற்று எரிச்சலுக்கு இரண்டு வாரத்துக்கென்று எழுதிய மாத்திரை மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. காலாவதியானவை நான்கு.

அவள் எதையும் தானாக நிறுத்தவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் எடுத்துப் போனாள். அவர் பார்த்து, எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று முடிவு செய்து கையெழுத்துப் போட்டார். 19 வகை ஏழாகக் குறைந்தது! பிறகு ஓர் அட்டையில் சூரியன் உதிப்பது, உச்சிப் பொழுது, நிலா என்று படம் போட்டு, எந்த மாத்திரை எப்போது என்று ஒட்டிக் கொடுத்தாள். பத்து நாள் கழித்து, "பாட்டி எப்படி இருக்காங்க அக்கா? தலைசுத்தல் ஏதாவது?" என்று போனில் விசாரித்தாள். அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பெத்த புள்ளகூட இப்படிக் கேக்கலையே சாமி!" என்று என் வீட்டுக்காரர் காதில் விழும்படியே சொன்னார்.

பழைய கம்பவுண்டரின் பேத்தி

யார் இவர்கள்? மருந்துக் கடையில் இருப்பவரும் இவரும் ஒன்றா? என் தோழியின் அக்கா ஒரு மருந்தியல் கல்லூரியில் பேராசிரியை. அவரிடம் கேட்டேன். சிரித்தார்.

"சின்ன வயசுல கம்பவுண்டரைப் பாத்திருக்கியா?"

பார்க்காமல் என்ன! எங்கள் ஊர் டாக்டரின் கம்பவுண்டர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோக வேண்டும். சிவப்புக் கலரில் மிக்சரைக் கலந்து ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று தெரிய, காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டில் ஓரத்தில் ஒட்டிக் கொடுப்பார். "குலுக்கிட்டுக் குடிக்கணும், புளி சேக்காதே, வெறும் வயித்துல வேண்டாம்" என்று பெயர் சொல்லிச் சொல்லி அனுப்புவார். கம்பெனி மாத்திரை அட்டைகள் வந்தன. கலக்கும் வேலை போயிற்று. அதோடு கூடவே சொல்லும் வேலையும் போய்விட்டது.

அந்தச் சொல்லும் வேலைதான் இப்போது படிப்போடு, விஞ்ஞானத்தோடு திரும்பி வந்திருக்கிறதாம். மருந்தைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது, அந்த மருந்தால் நோயாளிக்குக் குணம் ஏற்படுகிறதா என்பதற்கும் மருந்தாளுநர் பொறுப்பேற்க வேண்டும் என்று 1990-ல் அமெரிக்காவில் ஹெப்ளர், ஸ்ட்ராண்ட் என்ற இருவர் எழுதிய கட்டுரை உலகம் முழுவதும் பேசப்பட்டது. நம் பக்கத்தில் ஊட்டியிலும் மைசூரிலும் உள்ள ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரிகள் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இதற்கென்று மேற்படிப்பு தொடங்கி, மாணவர்களை ஆஸ்பத்திரி வார்டுகளுக்கே அனுப்பிப் பழக்கின. 2008-ல் 'ஃபார்ம் டி' என்ற ஆறு வருஷப் படிப்பு இந்தியாவில் வந்தது. ஐந்து வருஷம் பாடம், ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. மருந்து கொடுப்பவர் நோயாளிக்கு அதைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டும் என்று 2015-ல் வந்த மருந்தாளுநர் தொழில் விதிகளும் சொல்கின்றன.

"வார்டுல படுத்திருக்கறவங்களுக்கு நர்ஸ் மாத்திரை கொடுப்பாங்க. ஆபத்து அதிகம் ஓ.பி.லதான். வீட்டுக்குப் போனப்புறம் யார் பாக்கறா? நாலு டாக்டர், மூணு கடை, அக்கம்பக்கத்து யோசனை, எல்லாம் கலக்கற இடம் உன் ஃப்ரிட்ஜ் மேல இருக்கற டப்பாதான்!" என்றார் பேராசிரியை. நெடுநாள் நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே சொல்லியிருக்கிறது. அதுவும் பணக்கார நாடுகளில்! தீங்கில்லாத மருந்து என்பதையே லட்சியமாக வைத்து 2017-ல் அந்த நிறுவனம் ஓர் உலக இயக்கத்தையும் தொடங்கியது.

மேஜையைக் காணோம்!

ஆறு மாதம் போயிருக்கும். என் கழுத்துவலிக்காக அதே ஓ.பி.க்குப் போனேன். கண் தானாக வராந்தா மூலைக்குப் போயிற்று. மேஜை இல்லை! அந்த இடத்தில் 'முழு உடல் பரிசோதனை – சலுகை விலை' என்று ஓர் ஆளுயரப் படம் நின்றுகொண்டிருந்தது.

டாக்டரிடமே கேட்டேன். பெருமூச்சு விட்டார். "நிர்வாகத்துல கணக்குப் பாத்தாங்கம்மா. மருந்து கவுண்டர்ல விற்பனை இருக்கு, லேப்ல வருமானம் இருக்கு. அந்த மேஜையில என்ன வருமானம்னு கேட்டாங்க. சம்பளம் மட்டும் போகுதேன்னாங்க. அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகிப் போயிட்டா. வேற ஆள் போடல."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த மேஜை இல்லாதிருந்தால் என் அத்தைக்கு இன்னொரு கிருத்திகை வந்திருக்குமா? ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். நாமும்தான் மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கிறோம். வரவு எங்கே என்று கேட்பது தப்பா? இப்படிப்பட்ட நல்ல காரியம் நிலைத்து நிற்க என்ன வழி? மறுபடியும் பேராசிரியைக்குப் போன் போட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில் தருகிறேன்.

"மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ. ஒரு அட்மிஷனைத் தடுத்தா யாருக்கு லாபம்? அந்த அட்மிஷனுக்கு யார் பணம் கட்டறாங்களோ அவங்களுக்கு. அவங்கதான் இந்த மேஜைக்குச் சம்பளம் கொடுக்கணும்."

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் ஆஷ்வில் என்று ஒரு நகரம். அந்த நகராட்சி தன் ஊழியர்களின் வைத்தியச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டிருந்தது. 1996-ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். சர்க்கரை நோயுள்ள ஊழியர்கள் பயிற்சி பெற்ற மருந்தாளுநரை அடிக்கடி சந்தித்துப் பேச வேண்டும். அப்படிச் சந்தித்தால் மருந்துக்கு அவர்கள் கட்ட வேண்டிய பங்கைக் கட்ட வேண்டாம். மருந்தாளுநருக்கு அவர் செலவிடும் நேரத்துக்குக் கூலி உண்டு. என்ன ஆயிற்று? 2003-ல் கணக்கை வெளியிட்டார்கள். மருந்துச் செலவு கூடியிருந்தது. ஆம், கூடத்தான் செய்தது! ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் கூடாமல் என்ன? ஆனால் டாக்டர் செலவும் ஆஸ்பத்திரிச் செலவும் அதைவிட அதிகமாகக் குறைந்திருந்தன. மொத்தத்தில் ஆளுக்கு ஆண்டுக்கு 1,200 டாலருக்கு மேல் மிச்சம். உடம்பு சரியில்லை என்று லீவு எடுப்பதும் குறைந்தது. கூரையை ஒழுங்காக மாற்றுகிறவளுக்கு ஓட்டுக்குச் செலவு. ஆனால் மழைக்காலத்தில் நிம்மதி. அதே கதைதான்.

ஆஸ்திரேலியாவில் 2001 முதல் இன்னொரு விதம். டாக்டர் எழுதிக் கொடுத்தால், தேர்ச்சி பெற்ற மருந்தாளுநர் வீட்டுக்கே வந்து மருந்துகளைப் பார்த்து, டாக்டருக்கு அறிக்கை அனுப்புவார். பணம் அரசாங்கம் கொடுக்கிறது.

"நம்ம ஊர்ல பெரும்பாலும் நோயாளியே பணம் கட்டறாங்க. அப்ப ஆஸ்பத்திரிக்கு இதுல நேரடி லாபம் இல்ல. அதனால சும்மா நல்ல மனசை நம்பி மேஜை போட்டா, மனசு மாறினதும் மேஜை போயிடும்" என்றார். பிறகு, மேஜை நிலைக்க வேண்டுமானால் வேண்டியவற்றை எண்ணிக்கொண்டே சொன்னார். குறித்துக்கொண்டேன்:

1. எல்லா நோயாளிகளையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்படக் கூடாது. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்து என்று ஆபத்து அதிகமுள்ள ஒரு பிரிவை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. எதுவரை மருந்தாளுநர் செய்யலாம், எதை டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மாமியார் மருமகள் போல 'என் அடுப்படியில் உனக்கென்ன வேலை' என்ற சண்டைதான்.

3. நோட்டு போட வேண்டும். எத்தனை பேரைப் பார்த்தோம், என்ன பிழை கண்டுபிடித்தோம், டாக்டர் எதை ஏற்றுக்கொண்டார், நோயாளிக்கு எவ்வளவு மிச்சம் என்று எழுதாத வேலை, நிர்வாகத்தின் கண்ணில் செய்யாத வேலைதான்.

4. ஒரே ஆளை நம்பக் கூடாது. கல்யாணமோ பிரசவமோ வந்தால் அந்த இடத்தில் உட்கார இன்னொருவர் பழகியிருக்க வேண்டும். கல்லூரியோடு சேர்ந்தால் பயிற்சி மாணவர்கள் கிடைப்பார்கள். ஆனால் அவர்களுக்கு மேலே அனுபவமுள்ள ஒருவர் சம்பளத்தில் இருந்தே ஆக வேண்டும்.

5. பணம் வரும் வழி ஒன்று நிரந்தரமாக வேண்டும். பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு, அறக்கட்டளை, தொழிற்சாலைகள் தங்கள் தொழிலாளிக்காகக் கட்டுவது என்று எதுவாகவும் இருக்கலாம்.

6. மறைவாகப் பேச இடம். வராந்தாவில் நாலு பேர் முன்னால் எந்தப் பெண்ணும் தன் வெள்ளைப்படுதல் மருந்தைப் பற்றியோ, கருத்தடை மாத்திரையைப் பற்றியோ வாய் திறக்க மாட்டாள்.

"மருந்தை இலவசமா கொடுக்கற அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இது இன்னும் பொருந்தும்" என்றும் சொன்னார். அங்கே மருந்துக்கும் அட்மிஷனுக்கும் செலவு ஒரே கஜானா. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவுக்கும் வருகிறது. போன வாரம் அவளைக் கேட்டேன். அதோடு வெளி டாக்டர் எழுதியதையும் சேர்த்துச் சாப்பிடுகிறாளாம்! அவள் பையை யார் கவிழ்த்துப் பார்ப்பது? நானே கையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய், இரண்டு அட்டைகளையும் டாக்டரிடம் காட்டினேன்.

நோட்டு பேசியது

அந்த மூன்றாவது யோசனை என் மனசில் நின்றது. டாக்டரிடம் போய், "அந்தப் பொண்ணு ஏதாவது எழுதி வெச்சாளா டாக்டர்?" என்றேன். அலமாரியைக் குடைந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். கோடு போட்டு, தேதி வாரியாக, மணி மணியான கையெழுத்து. எங்கள் அத்தையின் வரியும் இருந்தது: 'ஒரே மருந்து இரண்டு பெயரில். சர்க்கரை 42. ஒன்று நிறுத்தப்பட்டது.' அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓ.பி.யில் அடிக்கடி பார்க்கும் பெண்கள் பதினொரு பேர் சேர்ந்து நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். சண்டை போடவில்லை. 'இந்த மேஜையால் எங்கள் வீட்டில் நடந்தது இது' என்று ஒவ்வொருவரும் இரண்டு வரி. ஒருத்தியின் குழந்தைக்கு ஜுர மருந்து அளவு மாறியது. இன்னொருத்தியின் அம்மா வாரத்துக்கு ஒன்று சாப்பிட வேண்டிய மூட்டு மாத்திரையைத் தினமும் சாப்பிட இருந்தது… டாக்டர் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

பலன்? மேஜை திரும்பி வந்திருக்கிறது. ஆனால் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள்தான். சர்க்கரை நோயாளிகளின் பதிவுக் கட்டணத்தில் 30 ரூபாய் கூட்டியிருக்கிறார்கள், முடியாதவர்களுக்கு இல்லை. பக்கத்துக் கல்லூரியிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். இந்த முறை வராந்தா இல்லை, கதவுள்ள ஒரு சின்ன அறை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று சொல்லியிருக்கிறார்கள். நிலைக்குமா? போகிறவர்கள் போனால்தான் நிலைக்கும். அதனால்தான் உங்களிடம் இவ்வளவும் சொல்கிறேன்.

மேஜை இல்லாத ஊரிலும்…

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அப்படி யாரும் இல்லையென்றால் கவலை வேண்டாம். டாக்டரிடமோ, மருந்துக் கடையில் இருக்கும் பதிவு பெற்ற மருந்தாளுநரிடமோ கேட்கலாம். நான் கற்றுக்கொண்டவை இவை:

• ஆறு மாதத்துக்கு ஒரு முறை டப்பாவை மஞ்சப்பையில் கொட்டி டாக்டரிடம் எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து, சத்து மாத்திரை, லேகியம் உட்பட. வெளியூர் போய் வந்தால் கட்டாயம்.

• அட்டையில் கம்பெனி வைத்த பெயரை மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் படியுங்கள். இரண்டு அட்டையில் ஒரே பெயர் இருந்தால் உடனே கேளுங்கள்.

• தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காப்பிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும்.

• கர்ப்பிணிகள் இரும்புச் சத்து மாத்திரையை டீ, காப்பியோடு விழுங்க வேண்டாம். கால்சியத்தோடு சேர்த்தும் வேண்டாம். எலுமிச்சை ஜூஸோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது.

• இளம் தாய்மார்களே, குழந்தையின் பாரசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல! சொட்டு மருந்து பெரும்பாலும் 1 மில்லியில் 100 மில்லிகிராம். சிரப் 5 மில்லியில் 125 அல்லது 250. சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் பேராபத்து. அடுப்படி ஸ்பூன் வேண்டாம், அந்தந்த பாட்டிலோடு வரும் சொட்டுக் குழாயாலோ அளவு மூடியாலோ அளங்கள்.

• தண்ணீர் கலக்கும் பொடி மருந்துக்குக் கொதித்து ஆறிய தண்ணீர், கோடு வரைதான். ஒவ்வொரு முறையும் குலுக்குங்கள். மீந்ததை அடுத்த ஜுரத்துக்கு வைக்காதீர்கள்.

• ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

• இன்சுலினை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உறைந்துபோனால் தூக்கி எறியுங்கள்.

• சர்க்கரை நோயாளி விரதம் இருப்பதானால், முதல் நாளே டாக்டரைக் கேட்டு மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டும். வேர்வை, நடுக்கம், குழறல் என்றால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிதான்.

• மருந்தால் ஒவ்வாமையோ வேறு தொல்லையோ வந்தால் டாக்டரிடம் சொல்வதோடு, அரசின் மருந்துப் பாதுகாப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024-க்கும் தெரிவிக்கலாம்.

போன கிருத்திகைக்கு அத்தை மறுபடியும் விரதம் என்றார். நான் வாயைத் திறக்குமுன் அவரே, "பயப்படாதே கண்ணு. அந்தப் புது மருந்துப் பாப்பாகிட்டக் கேட்டுட்டேன். அவ டாக்டரைக் கேட்டு, காலை மாத்திரை வேண்டாம், பழம் பால் எடுத்துக்கணும்னு எழுதியே கொடுத்துட்டா" என்று சீட்டை நீட்டினார். சூரியன் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வேல் படமும் போட்டிருந்தது!

எங்கள் ஃப்ரிட்ஜின் மேல் இப்போது டப்பா இல்லை. ஒரு மஞ்சப்பைதான் ஆணியில் தொங்குகிறது, உள்ளே ஏழு அட்டை. இந்த இதழை மூடி வைத்ததும், ஒரு நிமிஷம் உங்கள் டப்பாவையும் இறக்கிப் பார்த்துவிடுங்களேன்!